ஓ வகையின் மறுபாதி

"ஓ குரூப்பா? யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாமே!" என்று நம் வீடுகளில் பெருமையாகச் சொல்வோம். அதில் பாதிதான் உண்மை.

தோர்ண்டன் ஹீத்தில், லண்டன் ரோட்டில் இருக்கிறது குரோய்டன் பல்கலைக்கழக மருத்துவமனை. பழையவர்களுக்கு அது மேடே. அங்கே நோயாளிக்கு ஏற்றப்படும் ரத்தப் பையில், கொடுத்தவரின் சிவப்பணுக்களை மட்டும் சோதித்தால் போதாது. அவர் பிளாஸ்மாவில் மிதக்கும் ஆன்டிபாடிகளையும் பார்த்தாக வேண்டும்.

சிவப்பணுவின் மேற்பரப்பில் சர்க்கரைச் சங்கிலிகள் நிற்கின்றன. நுனியில் ஒரு சர்க்கரை கூடினால் ஏ, வேறொன்று கூடினால் பி, இரண்டும் கூடினால் ஏபி, இரண்டும் இல்லையென்றால் ஓ. தன்னிடம் இல்லாத சர்க்கரைக்கு எதிராக உடல் ஆன்டிபாடி செய்து வைத்திருக்கிறது. பிறர் ரத்தம் ஒரு துளிகூட ஏறாதவரிடமும் அது உண்டு! குடலில் வாழும் பாக்டீரியாக்களின் மேலும் இதே மாதிரிச் சர்க்கரைகள் இருப்பதால், பிறந்த சில மாதங்களிலேயே குழந்தையின் உடல் அவற்றை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது.

ஓ வகையினரிடம் ஏ, பி இரண்டுக்கும் எதிரான ஆன்டிபாடிகள் உண்டு. ஆனால் சிவப்பணுப் பையிலிருந்து பிளாஸ்மாவைப் பெரும்பாலும் பிரித்தெடுத்துவிட்டு, உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலைச் சேர்க்கிறார்கள். பிளேட்லெட் பையிலோ பிளாஸ்மா கூடவே வரும். ஆன்டிபாடியின் வீரியமும் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே பிரிட்டனில் அதை அளந்து, குறைவாக இருந்தால் பையில் 'எச்.டி. நெகட்டிவ்' (அதிக வீரியம் இல்லை) என்று குறிக்கிறார்கள். வெறும் பிளாஸ்மா என்றால் கணக்கே தலைகீழ்: யாருக்கும் பொருந்துவது ஏபி வகையினருடையது.

கர்ப்பத்தாலும் முன்பு ஏற்றிய ரத்தத்தாலும் உருவாகும் ஆன்டிபாடிகள் வேறு. ஆர்எச் நெகட்டிவ் தாய், ஆர்எச் பாசிட்டிவ் குழந்தையைச் சுமக்கும்போது உண்டாகும் ஆன்டி-டி அவற்றில் ஒன்று.

பிளாஸ்மாவில் ஆன்டிபாடி இருக்கிறதா என்பதை ஆய்வுக்கூடத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். ஜெல் நிரப்பிய சிறு குழாயில், வகை தெரிந்த சிவப்பணுக்களோடு பிளாஸ்மாவைச் சேர்த்து வேகமாகச் சுழற்றுவார்கள். ஆன்டிபாடி இல்லையென்றால் அணுக்கள் அடியில் சிவப்புப் பொட்டுபோல உட்கார்ந்துவிடும். இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டி, இறங்க முடியாமல் மேலேயே தங்கிவிடும்.

1952இல் மும்பையில் ஆய்வாளர் பெண்டேயும் சகாக்களும் ஒரு விசித்திர ரத்தத்தை உலகுக்கு அறிவித்தார்கள். சிவப்பணுச் சோதனையில் அது ஓ போலவே தெரியும். அதன் பிளாஸ்மாவோ ஓ அணுக்களையே கட்டியாக்கிவிடும். ஏ-யும் பி-யும் அமரும் எச் என்ற அடித்தளமே இந்த ரத்தம் உள்ளவர்களிடம் இல்லை; ஓ வகையினரிடம் அது நிறையவே உண்டு. 'ஓ' என்று நம்பி ஓ ரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இந்தியாவில் சுமார் பத்தாயிரத்தில் ஒருவர் இந்த 'பாம்பே' வகை. ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவர்கூட அரிது. அவர்களுக்கு அதே வகையினர்தான் கொடுக்க முடியும். லண்டனில் ஒருவருக்கு அது தேவைப்பட்டால், தெற்காசிய வேர் கொண்ட குடும்பங்களில் தேடுவதுதான் பலன் தரும். தோர்ண்டன் ஹீத் தமிழர்கள் ரத்ததான முகாமுக்குப் போக இதைவிட வேறு காரணம் வேண்டுமா?