உடம்புக்குள் ஒரு புதைபடிவம்

1740இல் ஜார்ஜ் ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதி, ஸ்பெயின் நாட்டுக் கப்பல்களை வேட்டையாடப் பெரும் படையோடு கடலில் இறங்கினார். போனவர்கள் சுமார் 1,900 பேர். நான்கு ஆண்டு கழித்து, உலகைச் சுற்றிக்கொண்டு ஊர் திரும்பியது ‘செஞ்சூரியன்’ என்ற ஒரே கப்பல். எதிரியின் குண்டுக்குப் பலியானவர்கள் சொற்பம். பெரும்பாலோரை நோய்தான் வாரிக்கொண்டு போனது. அதில் முதல் பங்கு ஸ்கர்விக்கு.

அந்தப் பயணக் குறிப்பில் ஒரு செய்தி வருகிறது. 50 ஆண்டுகளுக்கு முன்பு அயர்லாந்தில், பாயின் ஆற்றங்கரைப் போரில் காயம்பட்ட கிழவர் ஒருவர் கப்பலில் இருந்தார். என்றைக்கோ ஆறித் தழும்பாகிவிட்ட காயங்கள். ஸ்கர்வி கண்டதும் அவை மறுபடி வாய் பிளந்தன. நெடுநாளைக்கு முன் ஒட்டிச் சேர்ந்த எலும்பும் விட்டுப்போனது.

கேட்கக் கதைபோல இருந்தாலும் காரணம் தெளிவானது. ஆறிய காயத்தைச் சேர்த்துப் பிடித்திருப்பது கொலாஜன் என்ற புரதம். தோல், எலும்பு, பல் ஈறு, ரத்தக்குழாய் எல்லாவற்றுக்கும் அதுதான் கட்டு. தழும்பிலுள்ள கொலாஜன்கூட ஒருமுறை செய்துவைத்து முடிந்துவிடும் சரக்கு இல்லை. பழையது அழிய, புதியது வந்துகொண்டே இருக்கவேண்டும். மூன்று புரியாக முறுக்கிய அந்த இழையின் முறுக்கு நிற்க, புரோலைல் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி வேலை செய்தாகவேண்டும். அதன் நடுவே ஓர் இரும்பு அணு உண்டு. அது ஆக்சிஜனேற்றம் அடைந்தால் நொதி முடங்கிவிடும். இரும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது வைட்டமின் சி. மாதக்கணக்கில் உப்புக்கண்டமும் காய்ந்த பிஸ்கட்டும் தின்ற மாலுமிகளுக்கு அது எங்கிருந்து கிடைக்கும்?

இத்தனையும் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது, ஆனால் பிரித்துப்போட்டு. ஊட்டச்சத்து என்றால் ஓர் அட்டவணை: வைட்டமின், மூலம், குறைபாட்டு நோய். நொதி வேறோர் இடத்தில், பூட்டு சாவிப் படத்தோடு. புதைபடிவம் பரிணாமப் பாடத்தில், பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில். மூன்றும் ஒரே கதையின் பகுதிகள் என்று மாணவனுக்குச் சொல்வார் இல்லை. சொல்லத் தொடங்க ஒரு கேள்வி போதும்: தெருநாய்க்கு ஏன் ஸ்கர்வி வருவதில்லை? அது நெல்லிக்காயும் தின்பதில்லை, எலுமிச்சையும் நக்குவதில்லை.

நாய்க்கு வைட்டமின் சி ஊட்டச்சத்தே அல்ல என்பதுதான் பதில். குளுக்கோஸை எடுத்து அதன் கல்லீரலே செய்துகொள்கிறது. ஆடு, மாடு, பூனை, எலி எல்லாம் அப்படித்தான். தவளையும் பல்லியும் சிறுநீரகத்தில் செய்கின்றன. உடம்பால் செய்ய முடியாமல், அல்லது போதிய அளவு செய்ய முடியாமல், வெளியிலிருந்து வாங்கவேண்டியதற்குத்தான் வைட்டமின் என்று பெயர். அந்தப் பட்டியல் உயிருக்கு உயிர் மாறும்.

இதை விஞ்ஞானிகள் கண்டது தற்செயலாக. 1747இல் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வியால் நோயுற்ற 12 மாலுமிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் எழுந்து நடமாடினார்கள். ஆனால் விலங்குகளில் இந்த நோயை வரவழைக்க ரொம்ப நாள் யாராலும் முடியவில்லை. 1907இல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் இருவரும் கப்பல் மாலுமிகளுக்கு வரும் பெரிபெரி என்ற நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கினிப் பன்றிகளுக்கு வெறும் தானியம் கொடுத்தார்கள். பெரிபெரி வரவில்லை, ஸ்கர்வி வந்தது. முட்டைக்கோஸும் எலுமிச்சைச் சாறும் கொடுத்தால் தடுக்க முடிந்தது. எலியை வைத்துச் செய்திருந்தால் ஆயுசுக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. தானே வைட்டமின் சி செய்யமுடியாத விலங்குகளில் ஒன்று அவர்கள் கூண்டில் வாய்த்தது அதிர்ஷ்டம்தான்.

மனிதன், குரங்கு, கினிப் பன்றி மூன்றிலும் குறைவது எது? 1957இல் ஜே.ஜே. பர்ன்ஸ் என்ற ஆய்வாளர் அதைச் சுட்டினார். குளுக்கோஸிலிருந்து வைட்டமின் சி வரை போகும் பாதையில் கடைசிப் படிக்கான நொதி, குலோனோலாக்டோன் ஆக்சிடேஸ், நம்மிடம் இல்லை. முன்படிகளெல்லாம் அப்படியே இருக்கின்றன. 1994இல் ஜப்பானிய விஞ்ஞானி மொரிமிட்சு நிஷிகிமியின் குழு இன்னும் ஒரு படி போய், அந்த நொதிக்கான மரபணுவையே மனிதனின் 8ஆவது குரோமோசோமில் கண்டது. இருக்கிறது, ஆனால் உடைந்து கிடக்கிறது. எலியிடம் 12 துண்டுகளாக முழுசாக உள்ள மரபணுவில் பெரும்பகுதி நம்மிடம் காணாமல் போயிருக்கிறது. மிச்சத்தில் பிழை மேல் பிழை.

புதைபடிவம் என்றதும் நமக்குக் கல்தான் நினைவுக்கு வரும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 18 மீட்டர் நீளம். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது, அந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்த டைனோசர் காலத்தது. சாதாரணமாக விழுந்த மரத்தைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் தங்கள் நொதிகளால் கரைத்து மண்ணாக்கிவிடும். சாத்தனூர் மரம் சேற்றில் சீக்கிரமே புதைந்ததால் தப்பியது; சிலிக்கா உள்ளே இறங்கிக் கல்லாக்கியது. நொதிக்கு எட்டாமல் தப்பியதே புதைபடிவம் என்றும் சொல்லலாம். கல்லீரல் கல்லாவது அபூர்வத்திலும் அபூர்வம். நம் மூதாதையின் கல்லீரல் என்ன செய்தது என்பதற்கு, நம் செல்களுக்குள் கிடக்கும் இந்த உடைந்த மரபணுதான் சாட்சி.

உடைந்தது சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்று கணக்கிடுகிறார்கள். அது எப்படித் தெரியும்? குரங்கு, வாலில்லாக் குரங்கு, மனிதன் எல்லோரிடமும் இந்த மரபணு செயலிழந்திருக்கிறது. அவற்றின் தூரத்துப் பங்காளிகளான லெமூரும் தேவாங்கு வகைகளும் இன்றும் தாமே வைட்டமின் சி செய்துகொள்கின்றன. ஆகவே அந்தக் கிளை பிரிந்த பிறகு, குரங்குகள் பிரிவதற்கு முன்பு இழப்பு நடந்திருக்கவேண்டும். தேவாங்குக்கென்றே 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நமக்கில்லாத ஒரு கைத்தொழில் தெரிந்த உறவுக்காரர் அங்கே இருக்கிறார். கினிப் பன்றி இதைத் தனியாக, வெகு பின்னால் இழந்தது. உடைந்த விதமும் வேறு. கல்கத்தாவில் பிரேஷ் சந்திர குஹாவின் குழு 1950களில், நம் தோட்டத்துக் கொண்டைக்குருவியாலும் பழந்தின்னி வௌவாலாலும் வைட்டமின் சி செய்ய முடியவில்லை என்று கண்டது.

கொண்டைக்குருவி, வௌவால், குரங்கு எல்லாம் பழம் தின்பவை; வைட்டமின் சி தின்னும் பழத்திலேயே வந்துவிடும். மாவு பாக்கெட்டில் வரத் தொடங்கிய வீட்டில், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழவி தொலைந்தாலும் யாரும் தேடமாட்டார்கள். அப்படித்தான் நடந்திருக்கும் என்பது பொதுவான ஊகம். ஆனால் பழம் தின்கிற எல்லா உயிரும் இதை இழக்கவில்லை என்பதால் முழு விளக்கம் இதுவே என்று அடித்துச் சொல்லமுடியாது.

இந்த இழப்பையே காட்டி, இரண்டு நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், கிராம் கணக்கில் வைட்டமின் சி விழுங்கச் சொன்னார். ஜலதோஷமே வராது என்றார். பின்வந்த ஆய்வுகளில் அது பொதுமக்கள் விஷயத்தில் நிற்கவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தொண்டர்களை வைத்து நடந்த சோதனையில் ஸ்கர்வியைத் தடுக்க ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமே போதுமாக இருந்தது. நம் நாட்டுப் பரிந்துரை, ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம். 100 கிராம் கொய்யாவில் 200க்கு மேல் இருக்கிறது. மிச்சமானது சிறுநீரில் போய்விடும். அதற்கு விலை உயர்ந்த மாத்திரை வேறு எதற்கு? வைட்டமின் சி சூட்டில் அழிவது என்பதால், எலுமிச்சை ரசத்தை இறக்கிவைத்த பிறகு சாறு பிழிவது கசக்காமல் இருக்க மட்டுமல்ல, சத்துக்கும் நல்லது.

உயிரியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன் வகுப்பில் இதைச் செய்துகாட்டுங்கள். நீர்த்த சோற்றுக்கஞ்சியில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டால் நீலக்கருப்பாகும். அதில் கொய்யாச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நிறம் மறையும். அதே சாற்றை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பாருங்கள், கூடுதல் சொட்டு தேவைப்படும். துல்லியமான அளவீடு இல்லைதான். பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்க இது போதும். ஆகிற செலவு ஒரு டிங்சர் புட்டியும் இரண்டு கொய்யாவும்.