படம் கூர்மையாகிறது, உண்மையும் கூர்மையாகிறதா?

விண்மீன்கள் நமக்கு வெகு தொலைவில் உள்ளன. ஆகவே, பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் அவற்றில் பெரும்பாலானவை வெறும் புள்ளிகளாகவே தெரிய வேண்டும். ஆனால் சிறு தொலைநோக்கியில் காமிராவைப் பொருத்தி எடுத்த படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளிகளுக்குப் பதிலாக மங்கலான பொட்டுகளே தெரியும். வியாழனின் பட்டைகளும், ஒளிமுகிலின் இழைகளும் ஒன்றோடொன்று கலந்து குழம்பியிருக்கும்.

இந்த மங்கலை நீக்க இன்று செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வந்துள்ளன. சில நிமிடங்களில் பொட்டுகள் புள்ளிகளாகின்றன, இழைகள் தெளிவாகின்றன. இவை மறைந்திருந்ததை வெளியே கொணர்கின்றனவா, அல்லது இல்லாததைச் சேர்த்து விடுகின்றனவா? வானத்தைப் படம் எடுக்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

மங்கல் எப்படி உண்டாகிறது?

முதற் காரணம் ஒளியின் அலை இயல்பு. வில்லையின் விளிம்பில் ஒளி சற்றே வளைந்து பரவுகிறது. இதனால் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியால் ஏறத்தாழ 1.4 கோண விநாடிக்கும் நெருக்கமான இரு விண்மீன்களைப் பிரித்துக் காட்ட இயலாது. கோண விநாடி என்பது ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள நாணயத்தை 5 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால் அது சுமார் ஒரு கோண விநாடி அளவில் தெரியும்.

இரண்டாவது காரணம் நமது வளிமண்டலம். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து அலைவதால் விண்மீனின் ஒளி ஆடிக்கொண்டே வருகிறது. விண்மீன் மினுமினுப்பதும் இதனால்தான். பல நிமிடங்கள் ஒளியைச் சேர்க்கும்போது இந்த ஆட்டம் முழுவதும் ஒரு பொட்டாகப் பதிவாகிறது.

இதில் ஒரு நன்மையும் உண்டு. ஒரு படத்திலுள்ள எல்லா விண்மீன்களும் ஏறத்தாழ ஒரே விதமாகவே மங்குகின்றன. எனவே ஒரு விண்மீனின் பொட்டைப் பார்த்தே மங்கலின் வடிவத்தை அறியலாம். வடிவம் தெரிந்தால் அதைக் கணக்கிட்டு நீக்க முடியாதா?

ஒரு சிறு கணக்கு

வரிசையாகச் சில கட்டங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு கட்டத்தில் உள்ள விண்மீனின் ஒளியில் பாதி அதே கட்டத்திலும், கால் பங்கு இடப்புறக் கட்டத்திலும், கால் பங்கு வலப்புறக் கட்டத்திலும் விழுகின்றன. இப்போது 100 அலகு ஒளியுள்ள இரு விண்மீன்கள், இடையே ஒரு வெற்றுக் கட்டம் விட்டு நிற்கின்றன. படத்தில் நமக்குக் கிடைப்பவை 25, 50, 50, 50, 25. இரு விண்மீன்கள் ஒரே திட்டாகிவிட்டன!

ஆனால் கணக்குப் போட்டால் அவற்றை மீட்கலாம். முதற் கட்டத்தில் உள்ள 25, முதல் விண்மீனின் கால் பங்கு. ஆகவே அதன் ஒளி 100. இரண்டாம் கட்டத்தின் 50 முழுவதும் அந்த விண்மீனின் பாதி ஒளியே. எனவே நடுவில் எதுவும் இல்லை. மூன்றாம் கட்டத்தின் 50-ல் 25 முதல் விண்மீனுடையது. எஞ்சிய 25 அடுத்த விண்மீனின் கால் பங்கு. அதன் ஒளியும் 100.

உண்மையான படத்தில் அளவுகள் இவ்வளவு துல்லியமாக இருப்பதில்லை. ஒளித்துகள்கள் ஒழுங்கின்றி வந்து சேர்வதாலும், மின்னணுக் கருவியின் குறையாலும் சிறு பிழைகள் நேர்கின்றன. இதை 'இரைச்சல்' என்பர். முதற் கட்டத்தில் 25-க்குப் பதில் 29 பதிவானதாகக் கொண்டு அதே கணக்கைச் செய்யுங்கள். விடை 116, கழித்தல் 32, 148 என்று வரும். நான்கே அலகுப் பிழை, ஒளியை எதிர் எண்ணாக்கிவிட்டது! மங்கலை நீக்கும் முயற்சி இரைச்சலைப் பெருக்கி விடுகிறது. இத்துறையின் அடிப்படை இடர்ப்பாடு இதுவே.

பழைய வழி

இதைச் சமாளிக்க 1972-ல் ரிச்சர்ட்சன் என்பவரும், 1974-ல் லூசி என்பவரும் தனித்தனியே ஒரு முறையைக் கண்டனர். முதலில் ஓர் ஊகப் படத்தைக் கொள்ள வேண்டும். அதைக் கணிப்பொறியில் மங்கலாக்கி, எடுத்த படத்துடன் ஒப்பிட வேண்டும். வேறுபாட்டுக்கு ஏற்ப ஊகத்தைத் திருத்தி, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டும்.

1990-ல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடி, விளிம்பில் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் அதிகமாகத் தேய்க்கப்பட்டிருந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தும் வரை, அதன் மங்கலான படங்களைத் தெளிவாக்க இத்தகைய கணக்கு முறைகள் பெரிதும் உதவின. ஆயினும் அளவு மீறித் திருத்தினால், விண்மீன்களைச் சுற்றிக் கரு வளையங்களும் பொய்ப் புள்ளிகளும் தோன்றிவிடும்.

புதிய வழி

செயற்கை நுண்ணறிவு வேறு வழியில் செல்கிறது. கூர்மையான படங்கள் பலவற்றை எடுத்து, கணிப்பொறியில் வேண்டுமென்றே மங்கலாக்கி, இரைச்சலும் சேர்க்கிறார்கள். மங்கலான படத்தை 'நரம்பு வலை' என்னும் கணக்கமைப்பிடம் கொடுத்து, கூர்மையான படத்தை ஊகிக்கச் செய்கிறார்கள். ஊகம் தவறும்போதெல்லாம் அதனுள் இருக்கும் ஏராளமான எண்கள் சிறிது சிறிதாக மாற்றப்படுகின்றன. இப்படிப் பயின்ற வலை, முன்பு காணாத படத்தையும் கூர்மையாக்குகிறது. அமெரிக்கரான ரஸ்ஸல் குரோமன் 2022 டிசம்பரில் வெளியிட்ட 'ப்ளர் எக்ஸ்டெர்மினேட்டர்' இவ்வகையைச் சேர்ந்தது. வானியல் படங்களுக்கென்றே பயிற்றப்பட்டது.

நம் கணக்கில் வந்த 'கழித்தல் 32' போன்ற விடையை இவ்வலை தராது. விண்மீன் எப்படி இருக்கும் என்பது அதற்குத் தெரியும். பல விடைகள் பொருந்தும் இடத்தில், தான் முன்பு கண்டதை ஒத்த விடையைத் தேர்ந்தெடுக்கிறது. அதன் வலிமை இதில்தான் இருக்கிறது, அபாயமும் இதில்தான். பறவை இறகையும் தலைமுடியையும் பார்த்துப் பயின்ற பொதுவான மென்பொருளிடம் ஒளிமுகிலைக் கொடுத்தால், அங்கும் இழைகளை வரைந்து விடக் கூடும்.

2023 மார்ச்சில் ஒருவர் செய்த சோதனை இதைத் தெளிவாக்கியது. நிலவின் படத்தை 170-க்கு 170 புள்ளிகளாகச் சுருக்கி, மேலும் மங்கலாக்கி, கணிப்பொறித் திரையில் காட்டினார். இருண்ட அறையின் மறுபுறத்திலிருந்து அதைச் சாம்சங் கைப்பேசியால் படம் எடுத்தார். திரையில் இல்லாத நுணுக்கங்கள் படத்தில் வந்திருந்தன! நிலவை அடையாளம் கண்டு நுணுக்கங்களைச் செயற்கை நுண்ணறிவு மேம்படுத்துகிறது என நிறுவனம் விளக்கியது. நிலவு நமக்கு என்றும் ஒரே முகத்தையே காட்டுவதால் அந்த ஊகம் சரியாக இருக்கலாம். ஆனால் அங்கே இன்று புதிதாக ஒரு பள்ளம் தோன்றினால் என்ன ஆகும்?

மனிதக் கண்ணும் விலக்கல்ல

1877-ல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் நீண்ட கோடுகளைக் கண்டதாக அறிவித்தார். பெர்சிவல் லோவல் அவற்றை அறிவுள்ள உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என்றே வாதிட்டார். 1903-ல் மாண்டர், எவன்ஸ் என்ற இருவர் கிரீனிச் பள்ளி மாணவரிடம் ஒரு படத்தைக் காட்டி வரையச் சொன்னார்கள். அதில் நேர்கோட்டுக் கால்வாய்கள் இல்லை. புள்ளிகளும் ஒழுங்கற்ற சிறு குறிகளுமே இருந்தன. மிக அருகிலும் இல்லாமல், மிகத் தொலைவிலும் இல்லாமல் இடையில் அமர்ந்திருந்த மாணவர்கள் பலர் கால்வாய்களை வரைந்தனர்! மங்கலாகத் தெரிந்ததை அவர்களது மூளை நேர்கோடாக்கியது. 1965-ல் மாரினர்-4, 1971-ல் மாரினர்-9 அனுப்பிய படங்களில் அக் கால்வாய்கள் இல்லை.

அப்படியானால் இக் கருவிகளை ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. எம் 87 விண்மீன் மண்டலத்தின் கருந்துளைப் படம் 2019 ஏப்ரலில் வெளியாகுமுன், நான்கு குழுக்கள் ஒன்றோடொன்று கலந்து பேசாமல் தனித்தனியே படத்தை உருவாக்கி, பிறகே ஒப்பிட்டன. 2023-ல் எந்திரக் கற்றல் முறையில் அதே தரவுகளிலிருந்து மெல்லிய வளையம் பெறப்பட்டது. எந்தக் கணிப்புகளைக் கொண்டு பயிற்றினர் என்பதை அறிஞர்கள் வெளிப்படையாகக் கூறினர்.

நாம் செய்ய வேண்டியது

எடுத்த மூலப் படங்களை அழிக்காதீர்கள். பிரதியில் மட்டுமே மென்பொருளைப் பயன்படுத்துங்கள். மாறொளி விண்மீனின் ஒளியை அளக்கும்போது கூர்மையாக்கிய படத்தைத் தொடவே கூடாது. ஒளியளவு மாறியிருக்கக் கூடும். எடுத்த படங்களை இரு பாதியாகப் பிரித்துத் தனித்தனியே கூர்மையாக்கிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் தோன்றும் நுணுக்கம் பெரும்பாலும் இரைச்சலின் வேலை. இரண்டிலும் தோன்றினால், பெரிய தொலைநோக்கியின் படத்துடன் ஒப்பிடுங்கள். புதிய புள்ளி ஒன்றைக் கண்டால், அது மூலப் படத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். படத்தை வெளியிடும்போது எந்தக் கருவியால் கூர்மையாக்கினீர்கள் என்பதைக் குறிப்பிடுங்கள்.

அழகுக்காக எடுக்கும் படத்தில் சிறு ஊகம் கலந்தால் பெரிய நட்டமில்லை. ஆனால் வெடிக்கும் விண்மீன் ஒன்றை முதன்முதலாகக் காணும் வாய்ப்பு எளிய தொலைநோக்கி வைத்திருப்பவருக்கும் உண்டு. அந்த விண்மீன், மென்பொருள் முன்பு கண்டதாக இராது. அதைச் சொல்லக்கூடிய சாட்சி, திருத்தப்படாத அந்த மங்கலான மூலப் படம்தான்.