ஏ1சி இறங்கியது என்றால்…

எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரவேண்டிய கட்டாயமில்லை. ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் போதும். முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்து இதை ஏமாற்றவும் முடியாது. சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தின்மேல் குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

ரத்தத்தில் சர்க்கரை கூடக்கூட, நொதி எதுவும் இல்லாமல் தானாகவே ஒட்டும். ஒட்டியது அந்த அணு அழியும்வரை பெரும்பாலும் விடாது. சிவப்பணுவின் ஆயுளோ ஏறத்தாழ 120 நாள். பழைய அணுக்கள் கழிந்து புதியவை வந்தால்தான் எண் முழுதாக இறங்கும். மருந்து மாற்றிய இரண்டாம் வாரமே பார்த்துவிட்டு, “குறையவே இல்லையே” என்று மனம் உடைவது வீண். மூன்று மாதம் பொறுக்கத்தான் வேண்டும். அப்போதும் 7.2 என்பது 7.1 ஆனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அளவு வேறுபாடு கருவியிலேயே வரும்.

சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் இப்படி குளுக்கோஸ் ஒட்டிய ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதை 1960-களின் இறுதியில் தெஹ்ரானில் கவனித்தவர் சாமுவேல் ரஹ்பர். அதைக் குறைத்தால் என்ன லாபம் என்பது 1993-இல் தெளிவானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் நடந்த டிசிசிடி ஆய்வில், ஏ1சி 9 சதவீதத்தை ஒட்டி இருந்தவர்களையும் 7-ஐ ஒட்டிக் கொண்டுவந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். தொடக்கத்தில் விழித்திரை நன்றாக இருந்தவர்களில், 7 பக்கம் வந்தவர்களுக்குப் பாதிப்பு உருவாகும் அபாயம் 76% குறைந்திருந்தது. எத்தனை பேரின் பார்வையைக் காத்த எண் இது!

அப்படியானால் இன்னும் இறக்கலாமே? இரண்டாம் வகை நீரிழிவும் இதயநோய் அபாயமும் உள்ள 10,251 பேரிடம் அக்கார்டு ஆய்வு அதைத்தான் முயன்றது. 6-க்குக் கீழே கொண்டுவரத் தீவிர சிகிச்சை தந்தார்கள். எண் நன்றாகவே இறங்கியது. ஆனால் அந்தப் பிரிவில் 257 பேர் இறந்திருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் 203 பேர். 2008-இல் தீவிர சிகிச்சையை நிறுத்தினார்கள்.

சர்க்கரை இறங்காமலே எண் இறங்குவதும் உண்டு. ரத்தம் இழந்தாலோ, ஏற்றினாலோ, சிவப்பணுக்கள் சீக்கிரம் சிதைந்தாலோ ஏ1சி பொய்யாகக் குறையும். இரும்புச்சத்துக் குறைபாடு அதையே பொய்யாக ஏற்றிவிடும். இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியதும் இறங்கும். நம் பெண்களில் ரத்தசோகை இல்லாதவர்கள் எத்தனை பேர்? ஏ1சி ரிப்போர்ட்டோடு ஹீமோகுளோபின் அளவையும் டாக்டரிடம் காட்டுங்கள்.