சைமித் தீவின் நண்பகல்

விடுமுறை என்றதும், காலை முதல் மாலை வரை ஓடியாடிக் காணத்தக்கவை அனைத்தையும் கண்டுவிட வேண்டும் என்று நினைப்போர் நம்மிற் பலர். கிரேக்கத் தீவுகளிலே அந்த நினைப்புச் செல்லாது. அங்கு ஒரு நாளை ஓய்வாகக் கழிப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அதை வகுத்தது சூரியன்.

றோட்ஸ் தீவுக்கு வடக்கே, துருக்கிக் கரைக்கு மிக அண்மையிற் கிடக்கும் சைமி என்னும் சிறு தீவை எடுத்துக்கொள்வோம், நேயர்களே. ஹோமரின் இலியட் காவியத்திலே இத்தீவு இடம்பெறுகிறது. அக்கிலிசுக்கு அடுத்த பேரழகனான நீரியுஸ் இங்கிருந்துதான் திரோய் நகர்ப் போருக்குச் சென்றானாம்; ஆனால் அவன் கொண்டுசென்றவை மூன்றே மூன்று கப்பல்கள்! பாறை மலிந்த, நன்னீர் அரிதான நிலம். ஆதலால் மக்கள் கடலையே நம்பினர். மூச்சடக்கி மூழ்கிக் கடற்பஞ்சு எடுத்தனர். துறைமுகத்தைச் சூழ்ந்து மலைச்சரிவில் அடுக்கடுக்காய் ஏறி நிற்கும் அழகிய வீடுகள் அச்செல்வத்தின் பேறு. 19ஆம் நூற்றாண்டிலே சுழியோடிகளுக்கான உடையும் தலைக்கவசமும் வந்தபோது, முன்னரிலும் ஆழமாகச் சென்று நெடுநேரம் தங்கி, விரைந்து மேலெழுந்தவர்களிற் பலர் முடமாயினர், மாண்டோரும் உளர்.

இன்று அத்துறையில் இறங்குவோர் பெரும்பாலும் விடுமுறைக்காரர். அவர்கள் காலையில் ஒரு சிறு கிண்ணம் கோப்பியை, அடியில் வண்டல் தங்கும்வரை காத்திருந்து, மெல்ல மெல்லப் பருகுகின்றனர். அதனோடு ஒரு குவளை குளிர்ந்த நீரும் வரும். பின்னர் சிறு படகேறி ஒரு குடாவை அடைந்து, வெயில் முற்றுமுன் நீராடுவர். முற்பகலில் றோட்ஸிலிருந்து கப்பல்கள் வந்து ஒருநாட் பயணிகளைக் கொட்டும்போது துறைமுகம் சந்தையாகிவிடும். அவ்வேளையில் விலகியிருப்பதே விவேகம்.

உச்சிப்பொழுது கடந்ததும் ஊர் அடங்குகிறது. கடைகள் பல மூடப்படுகின்றன. சாளரப் பலகைகள் சாத்தப்படுகின்றன. 'மெசிமேரி' எனப்படும் இவ்வேளையைச் சோம்பல் என்று எள்ளுவோர் அதன் பயனை அறியாதவர். நாட்டின் சட்டமே இதனை மதிக்கிறது: 1995ஆம் ஆண்டுப் பொலிஸ் விதியின்படி, ஏப்ரல் முதல் செப்தெம்பர் வரை பிற்பகல் 3 மணியிலிருந்து 5.30 மணிவரை குடியிருப்புகளில் இரைச்சல் எழுப்பலாகாது. ஆங்கிலேயர் பாடசாலையைக் குறிக்கும் 'ஸ்கூல்' என்னும் சொல், ஓய்வைக் குறிக்கும் 'ஸ்கோலே' என்ற பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் மாணவரிடம் அதிகம் சொல்வதில்லை!

இவ்வேளையிலே வெளியே நடப்பது விளையாட்டன்று. 2024 யூன் 5ஆந் திகதி, உடல்நலம் பேணும் முறைகளை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பல்லாண்டு விளக்கிவந்த பிரித்தானியரான மைக்கேல் மோஸ்லி, சைமியின் கடற்கரையொன்றிலிருந்து பிற்பகல் ஒன்றரை மணியளவிலே தனியே நடந்து புறப்பட்டார். கடும் வெப்பமான நாள் அது. நான்கு நாட்களின் பின், கடலோர உணவுச்சாலை ஒன்றுக்கு மிக அருகே பாறைகளிடையே அவருடல் கிடைத்தது. வெப்பத்தாக்கோ, கண்டறியப்படாத நோயோ காரணமாயிருக்கலாம் என்று மரண விசாரணையிற் கூறப்பட்டது. நிழலற்ற பாறை வெளியில் வெப்பம் கீழிருந்தும் தாக்கும். வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் நீரிழப்பை உடல் உணர்வதற்குள் அறிவு தடுமாறத் தொடங்கும். அத்தீவின் முதியோர் அந்நேரம் திண்ணைக்குக்கூட வருவதில்லை.

ஐந்தரை மணிக்குமேல் ஊர் மீண்டும் கண்விழிக்கிறது. கப்பல்களும் போய்விட்டன. துறைமுகத்திலிருந்து மேலூருக்கு ஏறும் 'காலி ஸ்திராத்தா' என்னும் ஏறத்தாழ 500 படிகளில் அப்பொழுதுதான் கால் வைக்கலாம். இரவு 9 மணிக்கே உணவுமேசைகள் நிறைகின்றன. ஓட்டோடு பொரித்து முழுதாக உண்ணும் சைமியின் சின்னஞ்சிறு இறால் வரும். குழந்தைகளும் உறங்காமல் துறைமுக முற்றத்தில் ஓடி விளையாடுவர். 11 மணிக்குச் சட்டத்தின் இரண்டாவது அமைதிவேளை தொடங்குகிறது; காலை 7 மணிவரை அது நீடிக்கும்.