இரு கைத்தொலைபேசிகள், ஒரு பதிவேடு

ட்ருகனினாவில் எமது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் அம்மாவின் இன்சுலின் இருக்கிறது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்கவேண்டும், உறைந்துவிட்டால் பாவிக்கக்கூடாது. ஆகவே, ஈஎஸ்பி32 என்னும் சிறு கணனிச் சில்லுடன் வெப்பமானியைப் பொருத்தி, அதன் பதிவேட்டைக் கைத்தொலைபேசியில் பார்க்க ஒழுங்கு செய்தோம்.

சில்லின் உள் நினைவகம் 520 கிலோபைட்டுத்தான். நீண்ட பதிவேட்டை ஒரேயடியாகத் தூக்கி அனுப்ப இயலாது. பந்தியில் அகப்பை அகப்பையாகச் சோறு போடுவதுபோலத் துண்டு துண்டாகத்தான் அனுப்பலாம். எச்டிடிபி 1.1 இதற்கு வழி வகுத்திருக்கிறது: ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் அளவு, கடைசியில் பூச்சியம்.

ஒரு காலை நாமும் மகளும் ஒரே நேரத்தில் பதிவேட்டைத் திறந்தோம். எமக்கு எல்லாம் சுகம். இரவில் பூச்சியத்துக்குக் கீழே இறங்கிய வரிகளோ மகளின் தொலைபேசியில் மட்டும்! "எதுவரை அனுப்பினோம்" என்ற கணக்கை இருவருக்கும் பொதுவாக ஒரே இடத்தில் வைத்திருந்தோம். பிழை எம்முடையதே. ஒருவருக்குப் போன துண்டு மற்றவருக்குப் போகவில்லை.

இப்பொழுது ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனிக் கணக்கு, தனியே திறந்த கோப்பு. பதிவேடு வளர்ந்துகொண்டே இருப்பதால், எந்த வரியுடன் முடிப்பது என்பதையும் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்கிறோம். நினைவகத்துக்குப் பயந்து இருவரோடு நிறுத்தினோம்; மூன்றாமவருக்கு 503 என்ற பதில், சற்றுப் பொறுத்து வரும்படி.

உறைந்த மருந்தை மருந்தகத்தில் ஒப்படைத்தோம். புதியது பின்சுவரில் முட்டாமல் நடுத்தட்டில் இருக்கிறது.