குறி தவறும் மருந்துகள்

2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் நடந்த மருந்துப் பரிசோதனையில், உடல்நலக் குறை ஏதுமின்றி வந்து சேர்ந்த தன்னார்வலர் ஒருவர் இறந்துபோனார். அதே அளவு மருந்தை உட்கொண்ட வேறு ஐந்து பேரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பிஐஏ 10-2474 என்ற அந்த மருந்துக்கு இலக்கு ஒரே ஒரு நொதிதான். சுருக்கமாக ‘ஃபா’ எனப்படும் அந்த நொதி, நம் உடலே தயாரிக்கும் ஆனந்தமைடு என்ற கொழுப்பு மூலக்கூறைச் சிதைக்கிறது. சிதைவைத் தடுத்தால் ஆனந்தமைடு பெருகும், வலி தணியும் என்று எதிர்பார்த்தார்கள். ஃபைசர் நிறுவனமும் இதே நொதியைத் தடுக்கும் மருந்தை முன்பே மனிதர்களிடம் சோதித்திருந்தது. மூட்டுத் தேய்மான வலியை அது குறைக்கவில்லை. ஆனால் யாருக்கும் இத்தகைய ஆபத்தும் நேரவில்லை. அப்படியானால், ஃபாவைத் தடுத்ததுதான் உயிரைப் பறித்தது என்று சொல்வது கடினம். மருந்து வேறு எதைத் தொட்டது என்று தேடியாக வேண்டும்.

அதைத் தேடும் வழியை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பெஞ்சமின் கிராவட். 1996இல் ஃபா நொதியின் மரபணுவை அடையாளம் கண்ட ஆய்விலும் முதன்மையானவர் அவரே. ஒரு செல்லில் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. எது எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிவிடலாம். அந்த நேரத்தில் எது வேலை செய்கிறது என்பதை எண்ணிக்கை சொல்லாது. 1999இல் கிராவட்டின் குழு வெளியிட்ட முறை இந்தக் குறையைத் தீர்த்தது. செரின் ஹைட்ரோலேஸ் என்ற குடும்பத்தில் மனிதருக்கு இருநூற்றுக்கும் மேற்பட்ட நொதிகள் உண்டு. ஃபாவும் அவற்றில் ஒன்று. இந்த நொதிகள் வேலை செய்யும் நிலையில் இருந்தால் மட்டுமே அவற்றின் வினைமையத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் ஓர் அடையாள மூலக்கூறை அவர்கள் செய்தார்கள். செல்களில் முதலில் மருந்தைச் சேர்க்க வேண்டும், பிறகு அடையாள மூலக்கூறை. பேருந்தில் துண்டு போட்டுப் பிடித்த இருக்கையில் வேறொருவர் உட்கார முடியாதது போல, மருந்து ஏற்கெனவே பிடித்துவிட்ட நொதியில் அடையாளம் ஒட்டாது. எந்தெந்த நொதிகளில் ஒட்டவில்லை என்று நிறைநிறமாலைமானி காட்டிவிடும். ஒரு நொதிக்கான தடுப்பானைப் பற்றி அந்த நொதியின் குடும்பத்து உறவினர்கள் அத்தனை பேரிடமும் ஒரே சோதனையில் விசாரித்துவிடலாம் என்பதே இதன் பெரும் பலம்.

நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் மரியோ வான் டெர் ஸ்டெல்ட் தலைமையிலான குழு, கிராவட் உள்ளிட்டோரோடு சேர்ந்து, பிஐஏ 10-2474ஐ இப்படித்தான் விசாரித்தது. முடிவு 2017இல் வந்தது. ஃபாவோடு, கொழுப்பைக் கையாளும் வேறு பல நொதிகளையும் அந்த மருந்து பிடித்திருந்தது. ஃபைசரின் மருந்து அவற்றில் பலவற்றைத் தொடவில்லை. வளர்ப்புத் தட்டிலிருந்த மனித நரம்பு செல்களின் கொழுப்பு வளர்சிதை மாற்றமும் குலைந்திருந்தது.

இதனால்தான் மரணம் நேர்ந்தது என்று நிரூபணமாகிவிட்டதா? இல்லை. ஆய்வாளர்களே அப்படிச் சொல்லவில்லை. ஃபாவை முழுதாகத் தடுக்கத் தேவைப்படுவதைவிட மிக அதிகமான மருந்து கொடுக்கப்பட்டதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனால் அளவு கூடும்போதுதான் தடுப்பான் அயல் நொதிகளையும் பிடிக்கத் தொடங்குகிறது. ஆகவே அளவு குறித்த விமரிசனம் இந்த அடையாள மூலக்கூறுச் சோதனையின் தேவையைக் கூட்டுகிறதே ஒழியக் குறைக்கவில்லை. விலங்குச் சோதனை போதாதா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. எலி, நாய், குரங்கு ஆகியவற்றில் சோதித்த பிறகுதான் இந்த மருந்து மனிதர்களிடம் வந்தது. அது பிடித்த நொதிகளுள் ஒன்றான ஃபா-2 எலிகளின் உடலில் கிடையவே கிடையாது. இல்லாத நொதி முடங்கினால் என்ன ஆகும் என்று எலி எப்படிக் காட்டும்?

இன்னொரு மறுப்பு வலுவானது: பல புரதங்களைத் தொடும் மருந்தெல்லாம் கெட்டதல்ல. ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப், கிட் என்ற வேறொரு நொதியையும் தடுப்பதால்தான் இரைப்பை, குடல் பகுதியில் வரும் ஒருவகைக் கட்டிக்கும் மருந்தானது. உண்மைதான். ஆனால் கிட்டையும் அது தடுக்கும் என்று தெரிந்துகொண்டுதான் மருத்துவர்கள் அதைக் கொடுத்தார்கள். ரென் நகரில் மருந்தை விழுங்கியவர்களுக்கோ, கொடுத்தவர்களுக்கோ மருந்து பிடிக்கும் நொதிகளின் முழுப் பட்டியல் கையில் இல்லை. கிராவட்டின் சோதனை முறையும் ஒரு நொதிக் குடும்பத்தைத்தான் ஒரு நேரத்தில் பார்க்கும். எல்லா ஆபத்தையும் சொல்லிவிடாது. இருந்தாலும், முதல் மனிதரின் கையில் மாத்திரையைக் கொடுப்பதற்கு முன்பே, ஆய்வகத்து மனித செல்களில் செய்து முடிக்கக்கூடிய சோதனை இது. 2016க்குப் பல ஆண்டுகள் முன்பே அது புழக்கத்தில் இருந்தது.