பத்தடி அறை படத்தில் மட்டும் எப்படி நீள்கிறது?

வீடு விற்பனை விளம்பரத்தில் கூடத்தின் அந்தக் கோடி எங்கோ தொலைவில் தெரியும். நேரில் போனால் நாலே எட்டில் சுவர் வந்துவிடும். படம் பொய்யா? வடிவியல்படி பொய்யே இல்லை, வேடிக்கை அதுதான்.

இந்த விளம்பரப் படங்கள் பெரும்பாலும் அகலக்கோண லென்ஸில் எடுத்தவை. 36 மி.மீ. அகல சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் பக்கவாட்டில் சுமார் 40 டிகிரியைப் பிடிக்கும், 16 மி.மீ. லென்ஸோ சுமார் 97 டிகிரி. மூலையில் முதுகை ஒட்டி நின்றால் அறை மொத்தமும் அடங்கிவிடும்.

ஏமாற்றம் பிறப்பது நாம் பார்க்கும் தூரத்தில். அந்த 16 மி.மீ. படம் செல்போன் திரையில் 12 செ.மீ. அகலத்தில் விரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அறையின் ஆழம் உள்ளபடி தெரிய, திரை கண்ணிலிருந்து சுமார் 5 செ.மீ.யில் இருக்க வேண்டும்! அப்படி யார் பார்க்கிறார்கள்? ஓரடி தள்ளித்தான் பிடிக்கிறோம். பக்கத்து சோபா பெருத்தும் எதிர்ச்சுவர் சிறுத்தும் இருக்க, சிறுத்ததைத் தொலைவு என்று மூளை கணக்குப் போட்டுவிடுகிறது.

தடயம் ஓரங்களில் கிடைக்கும்: அங்கே தொங்கும் உருண்டை விளக்கு முட்டைபோல் இழுபட்டிருக்கும். வெளிச்சம் தனிக்கதை. வெவ்வேறு அளவில் ஒளி வாங்கிய படங்களை ஒன்றாகக் கலந்தால் இருட்டறையும் பளிச்சிடும்.

லென்ஸால் மாற்ற முடியாதது ஒன்று உண்டு, தரையிலுள்ள டைல்ஸின் எண்ணிக்கை. இரண்டடி டைல்ஸ் என்று தரகர் சொன்னால், சுவருக்குச் சுவர் எண்ணிப் பாருங்கள். ஐந்து வந்தால் அறை பத்தடிதான்.